கொழும்புக்குத் தவறி வந்தது

மத்திய தபால் கந்தோரின் இரண்டாம் மாடியில்
என் இலாச்சிக்குள் ஒரு முத்திரை கிடக்கிறது:
'கொழும்புக்குத் தவறி வந்தது.'
வருடத்தில் ஏழெட்டுத் தடவைதான் அதற்கு வேலை.
கொழும்பு என்று அச்சுப்போல விலாசம் எழுதிய கடுதாசியில்தான்
அதைக் குத்துவேன்.

மற்றக் கொழும்பு பிரேசிலில் இருக்கிறது.
பரனா மாநிலம். விலாசத்தின் வாலில் பீ, ஆர் என்று இரண்டெழுத்து.
முதல் வருடம் அதைப் 'பிறைவேற்' என்று வாசித்து
கறுவாத்தோட்டத்துக்கு அனுப்பி ஏச்சு வாங்கினேன்.
வாங்கில் ஏறிச் சுவர்ப்படத்தில் தேடினேன்.
அந்த ஊருக்கு ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.
நகத்தால் ஒரு பள்ளம் வைத்தேன்.

பிறகு நஸீஹாவின் போனில் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்தது:
கடல் இல்லை. துறைமுகம் இல்லை.
ஆயிரம் மீற்றர் உயரம்,
பண்டாரவளையைவிடச் சற்றுப் பதிவு.
ஆடி மாதத்தில் புல்லின் மேல் உறைபனி.
சுண்ணாம்புக்கல், ஒரு குகை,
இத்தாலியிலிருந்து வந்த கமக்காரர் நட்ட முந்திரிகைக் கொடி.
அவர்கள் மூட்டையோடு வந்திறங்கிய வருடங்களில்
எங்கள் மலையில் கோப்பி இலை மஞ்சளித்துச் செத்துக்கொண்டிருந்தது;
மன்னார்ப் பாதையில் வேறு மூட்டைகள் நடந்துகொண்டிருந்தன.
அதில் ஒருவரிடமிருந்துதான் என் மூக்கு.

பெயரும் ஒன்றல்ல.
அவர்களுடையது ஒரு கடலோடியின் பெயர்.
அவன் அந்த ஊரையும் காணவில்லை, எங்களையும் காணவில்லை,
எதையோ கண்டு இந்தியா என்றான்.
எங்களுடையது மாமரம் என்பார் மேலதிகாரி வீரக்கோன்,
இலை தள்ளும், காய்க்காது.
இல்லை, ஆற்றுத்துறை என்பாள் நஸீஹா.
பறங்கி தன் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டான்.
ழகரத்தை மட்டும் அவனிடம் கொடுக்காமல்
நாங்கள் வைத்துக்கொண்டோம்.

இந்த வைகாசியில் ஒரு தபாலட்டை.
போர்த்தோவிலிருந்து சுல்மீரா, இவெத்தே என்பவளுக்கு.
அட்டைக்கு உறை இல்லை. வாசித்தது குற்றமென்றால் குற்றம்தான்.
அந்தப் பாஷையில் எனக்கு ஒரு வசனம் தெரியாது.
ஆனால் மூன்றாம் வரியில் யன்னல் இருந்தது.
எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், யன்னலேதான்.
அதற்குக் கீழே மேசை. பிறகு பாண்.
ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு, சப்பாத்து.
ஜிந்துப்பிட்டியில் என் ஒற்றை அறை
முன்பின் தெரியாத ஒருத்தியின் கையெழுத்தில்.

மேசைக்கு என்ன நடந்தது?
பாணை யார் வெட்டினார்?
சப்பாத்து யாருக்குக் கடித்தது?
பொருள்களின் பெயரை இங்கே இறக்கிவிட்டு
வினைச்சொற்களைக் கப்பலோடு கொண்டுபோய்விட்டார்கள்.

முத்திரை குத்தினேன்.
சிவப்பு மையில் பிரேசில், கீழே இரண்டு கோடு.

ஆவணியில் திரும்பவும் என் மேசைக்கு வந்தது.
மூலை மடிந்து, வாசிக்க முடியாத முத்திரை இன்னொன்று ஏறி.
இடையில் எந்த நாட்டில் எந்த இலாச்சியில் கிடந்ததோ.
மழையில் நனைந்திருக்க வேண்டும்,
மூன்றாம் வரி கலங்கிப்போய்
யன்னல் இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை.

பிறர் தபாலில் பேனை வைக்கக்கூடாது. விதி அது.
வீரக்கோன் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்.
அந்தப் பாஷையில் வைகாசியிலிருந்து எனக்குப் பாடமான சொல்லை,
ஒவ்வொரு எழுத்தாய்,
அவள் கை சாய்ந்த பக்கமே சாய்த்து,
கறையின் மேல் எழுதினேன்.
ஊதிக் காயவைத்தேன்.

நஸீஹா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.
"இந்த முறை நாட்டைப் பெரிசா எழுதுங்க" என்றாள்.